மருத்துவப் பயிற்சியும் மக்கள் பணமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் நம்மிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டினர். வரலாறு பயின்றவர் என்ற முறையில் பாகலூர்ப் பாளையக்காரர்களின் கதையை எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அரண்மனைகளின் கதையை எழுதப் பலர் உளர். நம் தெருக்களின் கதையை நாமே எழுதினாலன்றி வேறெவர் எழுதுவர்? ஆகவே நம் மக்களின் உயிரோடு நேரே தொடர்புடைய ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். நாட்டுப்புறத்திற்கு வேண்டிய மருத்துவர் எங்கே உருவாகிறார், யார் செலவில் உருவாகிறார் என்பதே அப்பொருள்.

ஓர் இரவு எழுப்பிய கேள்வி

நாம் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலம் அது. மழைக்கால இரவொன்றில் நம் தெருவைச் சேர்ந்த தாயொருவர் பேறுகால வேதனையில் துடித்தார். தெருவார் கூடி ஒரு வேனைப் பிடித்து அருகிலிருந்த அரசு மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றனர். கட்டடம் இருந்தது, அறுவை அரங்கம் இருந்தது, மருத்துவர் ஒருவரும் இருந்தார். அறுவை செய்தே குழந்தையை எடுக்கவேண்டும் என்று அவர் கூறினார். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் அங்கு இல்லை. “பெங்களூருக்குக் கொண்டு போங்கள்” என்று சொல்வதன்றி அவருக்கு வேறு வழியில்லை. மாநில எல்லையைக் கடந்து சென்றது வண்டி. தாய் பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை.

அன்று நம் பெரியோர் விதியை நொந்தனர். இன்று எண்ணிப் பார்க்கையில், குறை விதியினுடையதன்று என்பது விளங்குகிறது. அறுவை வழி மகப்பேற்றுக்கு மகப்பேறு மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், குழந்தை நல மருத்துவர் என மூவர் வேண்டும். இம்மூவரும் எம்.பி.பி.எஸ். முடித்தபின், மேலும் மூன்றாண்டுகள் பெரிய மருத்துவமனையொன்றில் இரவும் பகலும் தங்கிப் பயின்று பட்டமேற்படிப்புப் பெற்றவர்கள். அப்பயிற்சிக்காலமே ஒரு மருத்துவரை வல்லுநராக்குகிறது. அதற்கான இடங்கள் எத்தனை, அவை யாருக்குக் கிடைக்கின்றன, அம்மூன்றாண்டுகளுக்கு ஊதியம் தருபவர் யார், பயின்று முடித்தவர் எங்கே பணி செய்கிறார் என்னும் நான்கு கேள்விகளுக்கான விடைகளிலேயே அன்றிரவின் முடிவு அடங்கியிருந்தது.

பழைய ஏற்பாடுகள்

கிராமத்திற்கு மருத்துவர் வருவதில்லை என்பது புதிய குறையன்று. சென்னையில் மருத்துவக் கல்லூரி 1835-இலேயே தோன்றிவிட்டது. எனினும் அங்குப் பயின்றவர்கள் நகரங்களிலேயே தங்கினர். இதனைக் கண்ட சென்னை மாகாண நீதிக்கட்சி அரசு, 1924-இல் ஒரு திட்டம் வகுத்தது. கிராமத்தில் குடியேறி மருத்துவம் செய்ய முன்வரும் மருத்துவருக்கு ஆண்டுதோறும் அரசு மானியம் தரும் என்பதே அத்திட்டம். அன்று குறுகிய காலப் படிப்பு முடித்து எல்.எம்.பி. பட்டயம் பெற்ற மருத்துவர்கள் பலர் இருந்தனர். நம் பாட்டன்மார் ‘டாக்டர்’ என்றழைத்தவர்களில் பெரும்பாலோர் இவ்வகையினரே.

தொண்டு நிறுவனங்களும் வேறொரு வழி கண்டன. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர், படித்து முடித்தபின் குறித்த காலம் சிற்றூர் மருத்துவமனைகளில் பணியாற்றவேண்டும் என்ற ஒப்பந்த முறை அங்கு நிலைபெற்றது. படிக்க உதவியவர்க்குப் பணி செய்து கடன் தீர்ப்பது என்னும் கொள்கை அதில் இருப்பதை இளைஞர்கள் கருதிப் பார்க்கவேண்டும்.

சர் ஜோசப் போர் என்பார் தலைமையிலான குழு 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அமையவேண்டும் என்று கூறியது அவ்வறிக்கையே. மருத்துவர் எல்லோரும் ஒரே தரத்தினராக இருக்கவேண்டும் என்றும், எல்.எம்.பி. போன்ற குறுகிய படிப்புகள் தேவையில்லை என்றும் அது பரிந்துரைத்தது. ஏழைக்கு ஒரு தரம், பணக்காரனுக்கு ஒரு தரம் என்றிருத்தல் கூடாது என்ற வகையில் அது நேர்மையானதே. ஆயினும் கிராமத்திற்குச் செல்லும் வழக்கமுடைய மருத்துவர் வகுப்பு மறைந்தபோது, அந்த இடத்தை நிரப்ப வேறு ஏற்பாடு உடனே அமையவில்லை. கட்டடங்கள் எழுந்தன, நாற்காலிகள் வெறுமையாய் இருந்தன.

வாயில் திறந்த கதை

கிராமத்திற்கு மருத்துவர் வரவில்லை என்பது கதையின் ஒரு பாதி. நம் தெருவிலிருந்து எவரும் மருத்துவராகச் செல்ல இயலவில்லை என்பது மறு பாதி.

நாடு விடுதலை பெற்ற காலத்தில், சென்னை மாகாண மருத்துவக் கல்லூரி இடங்கள் வகுப்புவாரியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 14 இடங்களுக்கு 2 இடங்கள் நம் மக்களுக்கு என்பது கணக்கு. இந்த ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில், ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு எழுந்தது மருத்துவக் கல்லூரி இடம் பற்றியே என்பதை மறக்கலாகாது. தமிழகத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, கல்வியில் இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்யும் 15(4) என்னும் உட்பிரிவு சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காடும், அதனுள் அருந்ததியர்க்கென 2009-இல் வகுக்கப்பட்ட 3 விழுக்காடும் அவ்வழியில் வந்தவையே.

இடம் மட்டும் கிடைத்தால் போதுமா? உணவுக்கும் நூலுக்கும் விடுதிக்கும் பணம் வேண்டும். டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல், நம் மாணவர்களின் மேற்படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை என்று இன்று நாம் விண்ணப்பிப்பது அதன் தொடர்ச்சியே. இடமும் பணமும் சேர்ந்தே வரவேண்டும் என்பதை அப்பெருந்தகை அன்றே உணர்ந்திருந்தார்.

பணியில் இருப்போர்க்குரிய இடங்கள்

எம்.பி.பி.எஸ். என்னும் முதல் வாயில் இவ்வாறு திறந்தது. இரண்டாம் வாயிலாகிய பட்டமேற்படிப்பு எளிதில் திறக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் குடும்பம் அவனது சம்பளத்தை எதிர்நோக்கி நிற்கிறது. தங்கை திருமணம், தந்தையின் கடன், இடிந்த சுவர் ஆகிய அனைத்தும் அவன் தலைமேல். வேலையின்றி ஈராண்டு வீட்டிலிருந்து நுழைவுத் தேர்வுக்குப் படிக்க அவனால் இயலாது. தனியார் கல்லூரியில் இலட்சம் இலட்சமாய்க் கட்டணம் செலுத்துவதோ கனவிலும் நடவாது.

இவ்விடத்தில் தமிழ்நாடு கண்ட வழி வரலாற்றில் குறிக்கத்தக்கது. அரசுக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பு இடங்களில் மாநிலத்தின் பங்குக்கு உரியவற்றில் பாதியை, அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கென்றே தமிழ்நாடு ஒதுக்கி வந்தது. ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். நூறு இடங்கள் உண்டெனில் 50 இடங்கள் அனைத்திந்தியத் தொகுப்புக்குச் செல்லும். எஞ்சிய 50-இல் 25 இடங்கள் அரசு மருத்துவர்க்கு உரியவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறித்த ஆண்டுகள் பணி செய்தவர் இவ்விடங்களுக்குப் போட்டியிடலாம். பயிலும் மூன்றாண்டுகளும் அவர் அரசு ஊழியராகவே கருதப்பட்டுச் சம்பளம் பெறுவார். முடித்தபின் ஓய்வுபெறும் வரை அரசுப் பணியிலேயே தொடர்வதாக ஒப்பந்தம் எழுதித் தருவார்.

இதில் மூவர் பயனடைவதைக் காண்க. சிற்றூர்ச் சுகாதார நிலையத்திற்கு இளம் மருத்துவர் மனமுவந்து வருகிறார். ஏனெனில் அதுவே மேற்படிப்புக்கு ஏணி. ஏழைக் குடும்பத்து மருத்துவர் சம்பளத்தை இழக்காமல் வல்லுநராகிறார். வட்ட மருத்துவமனைக்கு அறுவை மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் கிடைக்கின்றனர். பயிற்சிக்கு மக்கள் பணம் செலவாகிறது. பயிற்சியின் பலன் மக்களுக்கே திரும்புகிறது.

பலன் கண்கூடு. மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, 2001–03 காலத்தில் தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018–20 காலத்தில் அது 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்திய அளவு 301-லிருந்து 97 ஆயிற்று. இக்குறைவு ஒரு காரணத்தால் மட்டும் விளைந்ததன்று. செவிலியர், 108 வண்டி, இரத்த வங்கி, இருபத்து நான்கு மணி நேரச் சேவை ஆகிய பலவும் சேர்ந்த பயன் இது. ஆயினும் அறுவை அரங்கில் நிற்கும் மூவரும் இல்லையெனில் மற்றவை யாவும் வாயில் வரை கொண்டு சேர்ப்பவையே அன்றி உயிர் காப்பவை ஆகா.

நீதிமன்றத்தில் ஒரு போராட்டம்

இந்த ஏற்பாட்டிற்கும் இடையூறு வந்தது. 2016 ஆகஸ்டில், உத்தரப் பிரதேசம் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், மருத்துவக் கவுன்சிலின் விதிகளின்படி பட்ட மேற்படிப்பில் பணியிலுள்ளோர்க்குத் தனி ஒதுக்கீடு கூடாது என்று கூறியது. கடினமான, தொலைவான பகுதிகளில் பணி செய்தோர்க்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம், முப்பது விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் தரலாம் என்ற அளவில் நின்றது. 2017-இல் தமிழக அரசு மருத்துவர்கள் கிளர்ந்தெழுந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுக்குச் சென்றது.

நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான ஐவர் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. தரத்தை வகுப்பதே மருத்துவக் கவுன்சிலின் அதிகாரம். ஒதுக்கீட்டைத் தடுக்கும் அதிகாரம் அதற்கில்லை. பணியிலுள்ள மருத்துவர்க்குத் தனி வழி அமைக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். வழக்கில் முன்னின்றது தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் என்பது நமக்குப் பெருமை. அத்தீர்ப்பிலேயே, இவ்வழியில் படித்தவர்கள் கிராமப்புற, மலைப்புற, பழங்குடிப் பகுதிகளில் ஐந்தாண்டுகளேனும் பணி செய்ய மாநிலங்கள் வகை செய்யும் என்ற நம்பிக்கையும் குறிக்கப்பட்டது.

எதிர்த்தரப்பார் கூற்றையும் நேர்மையாக நோக்கவேண்டும். “குறைந்த மதிப்பெண் பெற்றவர் வல்லுநராகலாமா?” என்பது அவர்கள் கேள்வி. பணியிலுள்ளவரும் தகுதித் தேர்வில் தேறியே வருகிறார். மூன்றாண்டு முடிவில் அனைவரும் எழுதும் அதே தேர்வை எழுதியே பட்டம் பெறுகிறார். நுழையும் வாயில் வேறு. வெளிவரும் வாயில் ஒன்றே. “பட்டம் பெற்றபின் இவர்களிலும் பலர் நகரத்திற்கே இடமாற்றம் பெறுகின்றனரே” என்பது மற்றொரு கேள்வி. இதனை நாம் மறுப்பதற்கில்லை. ஒப்பந்தம் ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது, நாட்டில் நடக்கவேண்டும்.

பிற நாட்டார் கண்ட வழி

இது நமக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஜப்பான் நாட்டில் 1972-இல் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் தோன்றியது. அந்நாட்டின் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவரைத் தேர்ந்தெடுத்து, கல்விச் செலவைக் கடனாக அளித்துப் படிக்கவைப்பர். படித்தவர் தம் மாகாணத்திற்கே திரும்பி, கிராமப்புறப் பணி உட்பட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பணி செய்தால் கடன் தள்ளுபடியாகும். அமெரிக்காவில் 1965-இல் முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது முதல், பயிற்சி மருத்துவர்களுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கை அரசே மருத்துவமனைகளுக்கு அளித்து வருகிறது. ஆனால் அப்பணம் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளுக்கே சென்றது; கிராமங்களில் பற்றாக்குறை நீடித்தது. ஆகவே அண்மை ஆண்டுகளில் கிராமப்புறப் பயிற்சிக்கெனத் தனி நிதி ஒதுக்கத் தொடங்கினர். பணம் கொடுத்தால் மட்டும் போதாது, எவ்விடத்துப் பயிற்சிக்குக் கொடுக்கிறோம் என்பதே முதன்மை என்னும் பாடத்தை அவர்கள் காலந்தாழ்த்திக் கற்றனர்.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், நாட்டுப்புறப் பின்னணி உடைய மாணவரைச் சேர்த்தலையும், பெருநகருக்கு வெளியே மருத்துவக் கல்லூரிகளை அமைத்தலையும் வலியுறுத்துகிறது. கிராமத்தில் வளர்ந்தவரே கிராமத்திற்குத் திரும்பும் வாய்ப்பு மிகுதி. வேர் எங்கோ, நிழலும் அங்கே.

நம் மாவட்டமும் நம் கடமையும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். நம் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டத்தில் சேர்ந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆயிற்று. சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 1986-இலும், தருமபுரியில் 2008-இலும் வந்தன. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. பதினொன்றும் சேர்ந்து 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள், செலவு ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய், மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து ஏற்றவை.

மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் எம்.பி.பி.எஸ். வகுப்புகளோடு ஒரு கல்லூரி நின்றுவிடலாகாது. இரவு பத்து மணிக்குமேல் ஒரு பெரிய மருத்துவமனையை நடத்துபவர் யார்? பெரும்பாலும் பட்டமேற்படிப்பு பயிலும் இளம் மருத்துவர்களே. அவர்கள் உள்ள இடத்தில்தான் இரவிலும் அறுவை நடக்கும். ஆகவே மகப்பேறு, மயக்கவியல், குழந்தை நலம், எலும்பு முறிவு ஆகிய துறைகளில் பட்டமேற்படிப்பு இடங்கள் நம் மாவட்டத்திலேயே பெருகவேண்டும். பட்டமேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதங்கள் மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் தங்கிப் பணிபுரியவேண்டும் என 2020 செப்டம்பரில் விதி வந்தது. மூன்று மாதம் குறுகிய காலமே எனினும், அதனை ஓசூர் போன்ற எல்லைப்புற ஊர்கள் முழுமையாகப் பயன்கொள்ளவேண்டும்.

ஓசூரில் சிப்காட் வந்தபின் ஆலைகள் பெருகின. நிரந்தரத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் இ.எஸ்.ஐ. கிட்டாத ஒப்பந்தக் கூலிக்கும், பாகலூரைச் சுற்றியுள்ள ரோஜாத் தோட்டங்களில் பசுமைக்குடிலுக்குள் மருந்தடிக்கும் நம் பெண்களுக்கும் அரசு மருத்துவமனையே கதி. வசதியுடையார் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் சென்று பெங்களூரில் மருத்துவம் பெறுவர். அரசு மருத்துவமனையில் வல்லுநர் இல்லாமற்போனால் இழப்பு நமக்கே.

இளைஞர்களே! 2017 செப்டம்பரில் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நாம் இழந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் பெற்ற மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அவர். அத்துயரம் நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பியது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. அவர்தம் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றது. முதலாண்டில் அவ்வழியில் நுழைந்தோர் 2026-ஐ ஒட்டித் தம் ஐந்தரை ஆண்டுப் படிப்பை முடிக்கும் நிலையினர். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளும் ஆடு மேய்ப்பவரின் மகனும் இப்போது இரண்டாம் வாயிலில் வந்து நிற்கின்றனர். அங்கே அவர்களுக்கென 7.5 விழுக்காடு இல்லை. அவர்களுக்கு உள்ள நேர்வழி, அரசுப் பணியில் சேர்ந்து, சிற்றூரில் பணி செய்து, பணியிலுள்ளோர்க்குரிய இடத்தில் சம்பளத்தோடு பயில்வதே. அவ்வொதுக்கீட்டைக் காப்பது நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் காப்பதாகும் என்பதை உணர்க.

நம் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். இதுவரை நாம் பன்னிரண்டாம் வகுப்போடு நம் உதவியை நிறுத்தி வந்தோம். இனி மருத்துவம் முடித்த பிள்ளை மேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்கும் ஓராண்டுக்கும் நூல் வாங்கவும் அறை வாடகைக்கும் கைகொடுப்போம். பெருந்தொகை வேண்டியதில்லை; உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒருநாள் கூலியை எடுத்து வைத்தால் போதும். மாவட்ட ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அளிக்கும் கோரிக்கை மனுக்களில் சாலை, குடிநீரோடு பட்டமேற்படிப்பு இடங்களையும் சேர்த்துக் கேட்போம். நம் உதவி பெற்று வல்லுநராகும் பிள்ளைகளிடம் பணம் திருப்பிக் கேட்கவேண்டியதில்லை. எல்லைப்புறத்து மருத்துவமனையொன்றில் சில ஆண்டுகள் பணி செய்யுமாறு கேட்போம்.

அன்றிரவு மழையில் சென்ற வண்டியை நாம் மறக்கவில்லை. அத்தாய் இன்றும் நம் தெருவில் வாழ்கிறார். அவருடைய பேத்தி இவ்வாண்டு நம் பள்ளியில் அறிவியல் பிரிவில் பயில்கிறாள். என்ன படிக்க விருப்பம் என்று கேட்டோம். “மயக்க மருந்து டாக்டர், ஐயா” என்றாள். பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாள் போலும். அவள் படித்து முடிக்கும்போது, பயிற்சி இடமும் பயிற்சிக்கான ஊதியமும் அவளுக்காகக் காத்திருக்குமாறு செய்வது பெரியோர்களாகிய நம் பொறுப்பு.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் பிள்ளைகள்!